பதிமூன்றாம் இரவின் தேதி

மாப்பிள்ளை வருகிறார் என்றால் ஆஸியா பீவி வீட்டில் கோழிக்குக்கூட நிம்மதி கிடையாது. ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டைக் கழுவித் தள்ளி, மெத்தையை வெயிலில் போட்டு, கறிக்கடையில் நெஞ்செலும்பு சொல்லிவைத்து அமர்க்களம் பண்ணிவிடுவாள். இந்த முறை அப்ரார் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். அப்போது அவள் கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கவிச்சி.

மூத்த மகள் பத்ருன்னிசா வாசலிலிருந்து கொல்லைக்கு ஓடி வந்தாள்.

"உம்மா, அவஹ வந்துருக்காஹ!"

"எவஹ?"

"என்னாம்மா கேக்குறீங்க? உங்க மாப்பிள்ளைதான்."

"ஷார்ஜாவுல இருக்குறவஹ எப்புடிடி காரைக்கால்ல வந்து எறங்குவாஹ? ஹஜ்ஜுப் பெருநாளைக்கே லீவு இல்லன்னாஹளே?"

"எனக்கு மட்டும் என்னா தெரியும்? மூஞ்சியே சரியில்ல. வந்ததும் வராததுமா ஷிஃபா எங்கன்னுதான் கேட்டாஹ."

கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு மச்சினியை எதற்குத் தேடுகிறார் என்ற குழப்பத்தோடு ஆஸியா பீவி கையைக் கழுவினாள்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம் அது. இரண்டு மாதமாக ஐஸ் போட்ட மீனைத் தின்று நாக்கு செத்துக் கிடந்த ஊருக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்திருந்தது. கோட்டுச்சேரிமேட்டு மீன்காரி விடிந்ததும் விடியாததுமாக ஒரு கூடை வெள்ளை இறாலை இறக்கிவிட்டுப் போயிருந்தாள். ஆஸியா பீவியின் இறால் வாடா காரைக்காலில் பெயர் வாங்கியது. அரிசி மாவில் தேங்காயும் சின்ன வெங்காயமும் சோம்பும் சேர்த்துப் பிசைந்து, தட்டி, நடுவில் ஒரு இறாலை அழுத்தி எண்ணெயில் போட்டால் தெருமுனை வரைக்கும் மணக்கும். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு டீக்கடைக்கு வருகிறவர்கள் டீ கேட்பதற்கு முன்னால் "பீவி வூட்டு வாடா வந்துட்டா?" என்றுதான் கேட்பார்கள். மேல்காற்று மணலை அள்ளி வீசுகிற ஆனி மாதத்தில் அந்த மாவைக் காப்பாற்றுவதே தனி வேலை.

அந்தத் தெருவில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே அப்ரார் அந்த வீட்டுக்கு விருந்தாளி, எஜமான், இரண்டும்தான். போதாக்குறைக்கு ஆஸியா பீவி தன் உம்மா காலத்து வழக்கம் ஒன்றையும் கைவிடாமல் வைத்திருந்தாள். மாமியார் மாப்பிள்ளை முன்னால் வந்து நின்று நேருக்கு நேர் பேசக் கூடாது. அடுத்த வீடுகளில் எல்லாம் மாமியும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்க்கிற காலத்திலும் இவள் அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்குச் சோத்துக்கு இன்னும் ஆணம் வேணுமான்னு கேளு" என்று பத்ருன்னிசாவிடம் சொல்வாள். பத்ருன்னிசா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும் பூனையை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டார்கள். "பூனைக்குப் பசிக்குதா, சோறு எடுத்து வச்சுருக்கு" என்று இவள் சொல்ல, "பூனை கடையில சாப்பிட்டுட்டு" என்று அவர் சொல்ல, தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது.

இளையவள் ஷிஃபா பெருநாள் லீவில் வந்திருந்தாள். அப்ரார் வேலை பார்க்கிற அதே விமானப் பழுது பார்க்கும் கொட்டகையில்தான் அவளுக்கும் வேலை. சென்னையில் படித்து, பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி, லைசன்ஸ் வாங்கி, மச்சான் சிபாரிசில் அங்கே போய்ச் சேர்ந்தவள். அந்தத் தெருவிலிருந்து ஆண்கள் கப்பலுக்குப் போயிருக்கிறார்கள், கொழும்புக்குப் போயிருக்கிறார்கள், சபுராளிகளாக வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறார்கள். விமானத்தைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று தன் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட ஒரு பெண் போனது இதுதான் முதல் தடவை. ஆஸியா பீவி இதைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. மீன்காரி ஒருநாள், "பிளேன் ஓட்டுதா உங்க பொண்ணு?" என்று கேட்டபோது, "ஓட்டுறது என்னா பெரிய காரியம்? என் மவ பாத்து எழுதுனாத்தான் ஓட்டுறவனே ஏறுவான்" என்று சொல்லி அனுப்பினாள். பெண் பார்க்க வந்த ஒருத்தி ஷிஃபாவின் நகக் கண்ணில் இருந்த கிரீஸ் கறுப்பைப் பார்த்து முகம் சுளித்தபோது, ஆஸியா பீவி மகளின் கையைத் தூக்கிப் பிடித்து, "நல்லாப் பாத்துக்கங்க, எஞ்சினுக்குள்ள போயி வந்த கை" என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அவள் கவலைப்படவும் இல்லை.

அப்ரார் முகம் கழுவிவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்தார். துறைமுகச் சாலையில் படகு எஞ்சின் சாமானும் கயிறும் விற்கிற கடையைச் சாத்திவிட்டு ஆஸியா பீவியின் புருஷன் அப்துல் லத்தீப்பும் வந்து சேர்ந்தார். மாமனார் மாப்பிள்ளை சலாம் எல்லாம் முடிந்தது. அப்ரார் பையைத் திறந்து இரண்டு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, விமானத்தைச் சோதித்தவர் எழுதிக் கொடுக்கிற வேலைக் கார்டின் நகல். இன்னொன்று எதுவும் எழுதாத புதுக் கார்டு.

"ஷிஃபா, மார்ச்சு மாசம் நோன்புல ஒரு பிளேன்ல வலது சக்கரக் கால் பாத்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மச்சான். விரிசல் இருக்கான்னு பாக்கச் சொன்னீங்க. ஒண்ணும் இல்ல, சுத்தமா இருந்துச்சு."

"அந்தப் பிளேன் வாடகைப் பிளேன். கெடு முடிஞ்சு சொந்தக்காரன்கிட்ட திருப்பிக் குடுக்குறோம். அவன் ஆளு ஒருத்தன் வந்து உக்காந்துக்கிட்டு, பொண்ணுக்கு நகை பாக்குறாப்புல ஒவ்வொரு காயிதமா உரசிப் பாக்குறான். உன் கார்டுல பதிமூணாம் தேதி போட்டுருக்கு. பிளேன் பன்னெண்டாம் தேதி ராத்திரியே பறந்துட்டு."

ஷிஃபா நகலை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுத்துதான். அவள் முத்திரைதான்.

"பாக்காமலே பறக்க விட்டீங்களான்னு கேக்குறான்" என்றார் அப்ரார். "காயிதப்படி அப்புடித்தான் இருக்கு. பறந்துட்டு வந்த பொறவு நீ பாத்துருக்கே."

"இல்ல மச்சான், பறக்குறதுக்கு முன்னாடிதானே... நோன்பு தொறந்துட்டு நான்தான் மொதல்ல எழுந்திரிச்சுப் போனேன். எனக்கு வச்ச கஞ்சி ஆறிப் போயிட்டுன்னு நீங்ககூட சொன்னீங்க." சட்டென்று நிறுத்தினாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லாஹ். பதிமூணாம் ராத்திரி."

"என்னாது?" என்றார் லத்தீப்.

"வாப்பா, இந்த வருசம் அங்க மார்ச்சு ஒண்ணாந்தேதிதான் மொத நோன்பு. இங்க ஒருநாள் பிந்தித்தானே பிறை பாத்தீங்க? அங்க தேதியும் நோன்பும் மாசம் முழுக்க ஒண்ணாவே வந்துச்சு. அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் நோன்பு."

லத்தீப்புக்கு இப்போது புரிந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் மறுநாள் பிறந்துவிடும் என்பது அந்த வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின்னால் வருவது அவர்களுக்கு வெள்ளி இரவு. பன்னிரண்டாம் நோன்பைத் திறந்து பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட மாத்திரத்தில் அது பதிமூன்றாம் இரவு. மற்ற எந்த வருடமாக இருந்தாலும் நோன்பு ஒரு கணக்கிலும் தேதி ஒரு கணக்கிலும் போயிருக்கும், குழப்பம் வந்திருக்காது. இந்த வருடம் பகலெல்லாம் இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தன. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒன்று மட்டும் முன்னால் போய்விட்டது. ஷிஃபாவின் பேனா அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

லத்தீப் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க மாப்பிள்ள? என் பாஸ்போட்டுல பொறந்த தேதியே தப்பு. அதுக்காக நான் பொறக்காமப் போயிட்டனா?"

"வெள்ளைக்காரனுக்கு அது புரியாது மாமா." அப்ரார் புதுக் கார்டை ஷிஃபா பக்கம் தள்ளினார். "இதுல அதே மாதிரி எழுதி, பன்னெண்டுன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. பழசக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. மேனேஜரே சொல்லித்தான் அனுப்புனாரு. நாளைக்குச் சாயந்தரம் திருச்சியில எனக்கு பிளேன்."

ஷிஃபா பேனாவைத் தொடவில்லை.

"அடிச்சுத் திருத்துறேன் மச்சான். பழைய கார்டுலயே ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியான தேதிய எழுதி, திருத்துனது இந்த ஜூன் மாசம்னு போட்டு, ஏன் தப்பாச்சுன்னும் எழுதிக் குடுக்குறேன். அதுதானே முறை? நீங்கதானே அப்புடிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"முறைதான். ஆனா அப்புடித் திருத்துனா விசாரணை வரும். தப்பான கார்ட வாங்கி வச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டு பிளேனப் பறக்க விட்டது யாருன்னு கேப்பான். விட்டது நான்."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சா எழுது."

"முடியாது மச்சான்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆஸியா பீவி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இறால் பாதி உரித்தபடி கிடந்தது. காக்கா ஒன்று ஓரமாக உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்கள்.

"ஏன் புள்ள, ஒரு நம்பருதானே? மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போயேன். பாத்தது நெசந்தானே?"

"நெசந்தாம்மா."

"பன்னெண்டாந் தேதி பாத்ததும் நெசந்தானே?"

"ஆமா."

"அப்பொறம் நெசத்தத்தானே எழுதச் சொல்றாஹ? இதுல என்னா வந்துச்சு உனக்கு? மாப்பிள்ளை மொகத்துக்கு நேரா முடியாதுங்கறே. எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு."

ஷிஃபா ஒரு இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டாள்.

"உம்மா, அன்னைக்குச் சக்கரத்துக்குக் கீழ மல்லாந்து படுத்துக்கிட்டுப் பாத்தேன். வெறும் பழமும் தண்ணியுந்தான் வயித்துல. கிரீஸ எல்லாம் தொடச்சு எடுத்துட்டு, டார்ச்சு அடிச்சு, கண்ணாடி வச்சு, அந்தக் கால் முழுக்கச் சுத்திச் சுத்திப் பாத்தேன். முடிச்சுட்டு அந்த எடத்துலயே உக்காந்து கார்டு எழுதுனேன். அந்தக் கார்டுல என் கை கிரீஸ்கூட ஒட்டியிருக்கும். தப்பு இருக்குறதும் அதுலதான், நான் பாத்தேங்குறதுக்குச் சாட்சியும் அதுதான். இப்ப நம்ம வூட்டு மேசையில வாடா வாசனையில ஒரு கார்டு எழுதி, மார்ச்சு மாசம் எழுதுனேன்னு சொன்னா அது பொய்யில்லையா?"

"கார்டு பொய்யி. பாத்தது நெசம்."

"ஒரு கார்டு பொய்யின்னு தெரிஞ்சுட்டா, நான் போட்ட எல்லாக் கையெழுத்தையும் தூக்கிப் போட்டுருவான். அப்ப நான் மல்லாந்து படுத்ததுக்கு என்னா மதிப்பு?"

பதில் கிடைக்காவிட்டால் ஆஸியா பீவிக்குக் கோபம் வரும். "பெரிய அவுலியா வந்துட்டா! மாப்பிள்ளை மனசு நோவாம நடந்துக்கத் தெரியல. எழுந்து போ, நெத்திலி கருவாட்ட எடுத்து ஊறப் போடு" என்று விரட்டினாள்.

ஆனால் இறால் உரித்து முடிகிற வரைக்கும் அவள் மனது ஒரு நிலையில் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை சொல்வது நியாயமாகப் பட்டது. அந்தப் பக்கம் பார்த்தால் ஷிஃபா மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச்சு அடிப்பது கண் முன்னால் வந்தது. பத்ருன்னிசா வேறு வந்து அழுதாள்.

"அவஹளுக்கு வேலை போயிடும்மா. பத்தொம்பது வருசமா ஒரு கெட்ட பேரு எடுத்ததில்ல. அவஹதானே இவளக் கூட்டிக்கிட்டுப் போயி வேலையில சேத்தாஹ? அந்த நன்றி வேணாமா?"

"நான் என்னாடி பண்ணட்டும்?"

"நீங்க சொன்னாக் கேப்பா."

"சொல்லிட்டேன். கேக்கல."

"பலமாச் சொல்லுங்க."

பலமாகச் சொல்லத்தான் வேண்டும் என்று ஆஸியா பீவியும் முடிவு செய்துகொண்டாள். சோறாக்கி, இறால் வறுத்து, தாளிச்சா கொதிக்கவிட்டு இறக்கியபோது மத்தியான லுஹர் தொழுதுவிட்டு ஆண்கள் இரண்டு பேரும் திரும்பி வந்திருந்தார்கள். பத்ருன்னிசா ஹாலில் பாயை விரித்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய ஸஹன் தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். அப்ரார் உட்கார்ந்தார், ஆனால் கை வைக்கவில்லை. மேசையில் புதுக் கார்டு வைத்த இடத்திலேயே கிடந்தது. பறக்காமல் இருக்க அதன் மேல் யாரோ ஊறுகாய் பாட்டிலை வைத்திருந்தார்கள்.

"ஷிஃபா, கடைசியாக் கேக்குறேன்" என்றார் அப்ரார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் குடும்பஸ்தன். உனக்கென்ன? பொம்புளப் புள்ள. முத்திரை போனா வூட்டுக்கு வந்து கல்யாணம் முடிச்சுக்கிட்டு உம்மாவோட உக்காந்து வாடா தட்டலாம். எனக்குப் போனா போனதுதான்."

லத்தீப் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்.

திரை விலகியது.

ஆஸியா பீவி வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் தாளிச்சாச் சட்டியோடு வந்து மாப்பிள்ளைக்கு நேர் எதிரே நின்றாள். பத்ருன்னிசா வாயில் கையை வைத்துக்கொண்டாள். லத்தீப்புக்குப் புரை ஏறியது. அப்ரார் பதறிப்போய் பாயிலிருந்து எழுந்துவிட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள். "அவ எழுத மாட்டா. அந்தக் காயிதத்த எடுத்துப் பையில வச்சுக்கங்க."

"மாமி, நீங்க..."

"வாடா தட்டுறது எனக்குத் தெரியும். அதுல ஒரு கொறச்சலும் இல்ல. ஆனா எம் மவ அதுக்காகப் படிக்கல. அவ பொம்புளங்குறதால அவ பேருக்கு வெல கொறச்சலுன்னு இன்னைக்கு நீங்க சொல்றீங்க. இந்தத் தெருவுல ஒருத்தன் சொல்லியிருந்தா அவன் பல்லு வாயில இருந்துருக்காது. நீங்க இந்த வூட்டு மாப்பிள்ளை, அதனால சொல்லித்தான் கேக்குறேன்."

பத்ருன்னிசா, "உம்மா!" என்றாள்.

"நீ சும்மா இருடி. மாப்பிள்ளை, உங்களுக்கு வேலை போச்சுன்னா இந்த வூடு எங்கயும் போவாது. இது உங்க பொண்டாட்டி வூடு. இங்க உங்க தட்டுல மொத சோறு விழும், இப்ப விழுற மாதிரியேதான். அதுக்கு நான் பொறுப்பு. அவ கையெழுத்துக்கு மட்டும் யாரும் வெல பேசாதீங்க."

சொல்லிவிட்டு அவர் பக்கத்துச் சோற்றில் தாளிச்சாவை ஊற்றினாள். கொஞ்சம் பாயிலும் கொட்டியது. திரும்பி அடுக்களைக்குப் போனவள் அடுப்புத் திட்டில் சாய்ந்துகொண்டு நின்றாள். மாப்பிள்ளையை நிற்க வைத்துப் பேசிவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது, என்ன நன்றாகப் பேசிவிட்டோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் சந்தோஷம்தான் ஒரு பிடி கூட.

அப்ரார் இரண்டு வாய் சாப்பிட்டார். எழுந்து கை கழுவி, லத்தீப்பின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்ருன்னிசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். "அவஹ அப்புடியே பொறப்பட்டுப் போயிட்டாஹன்னா நான் உங்க யாரோடயும் பேச மாட்டேன்" என்றாள்.

"பையி இங்கதான்டி இருக்கு" என்றார் லத்தீப்.

வாடா சுடுகிற நேரம் வந்தது. ஆஸியா பீவி எண்ணெயைக் காயவைத்தாள். ஷிஃபா பக்கத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டிக் கொடுத்தாள். டீக்கடைப் பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அப்ரார் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தலை முழுக்கக் கடற்கரை மணல். நேரே அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

"மாமி, டீ இருக்கா?"

பூனையிடம் கேட்கவில்லை, பத்ருன்னிசாவிடமும் கேட்கவில்லை. ஆஸியா பீவி பதிலுக்கு, "இருக்கு மாப்பிள்ளை, உக்காருங்க, வாடாவும் இருக்கு" என்றாள்.

அவர் அடுக்களையிலேயே ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாடாவைப் பிட்டுக்கொண்டே ஷிஃபாவிடம் சொன்னார்.

"லைட்ஹவுஸ் பக்கம் உக்காந்து யோசனை பண்ணிப் பாத்தேன். வேலை போவுதேன்னு நான் பயப்படல. படிக்காமக் கையெழுத்துப் போட்டான்னு ஒருத்தன் என்னையப் பாத்துச் சொல்லுவான் பாரு, அதுக்குத்தான் பயந்தேன். எவ்வளவு பசங்களுக்கு நான் சொல்லிக் குடுத்துருக்கேன், படிச்சுட்டுப் போடுன்னு. உங்கிட்ட மத்தியானம் சொன்னது பெரிய தப்பு. மனசுல வச்சுக்காதே."

"நீங்க படிக்காமப் போடல மச்சான்."

"பின்ன?"

"நீங்க என் கார்ட வாங்கி ரெண்டு பக்கமும் பாத்தீங்க. நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்? பதிமூணுன்னு படிச்சீங்க. படிச்சும் தப்பாத் தெரியல. நீங்களும் நோன்பு. உங்க மண்டையிலயும் அன்னைக்கு ராத்திரி பதிமூணுதான்."

அப்ரார் வாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நான் பறக்க விடுற தாள்ல பன்னெண்டுன்னுதானே இருக்கு?"

"அதுல தேதிய கம்ப்யூட்டரே அடிச்சு வச்சுருக்கும். கம்ப்யூட்டருக்கு ஏது நோன்பு?"

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் அவர் சிரித்தது அப்போதுதான். "இத எழுதலாமா?" என்றார்.

"இதத்தான் எழுதணும்."

மறுநாள் காலை நாஸ்தா முடிந்ததும் அப்ரார் ஹாலில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். இந்த முறை ஆஸியா பீவி திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. அந்தப் பக்கத்துக் குரல் முதலில் தணிந்து இருந்தது, பிறகு உயர்ந்தது. அப்ராரின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"என்னா சொல்றாஹ?" என்று ஆஸியா பீவி மகளின் காதருகில் கேட்டாள்.

ஷிஃபாவின் கண் கலங்கியிருந்தது. "புதுக் கார்டு கெடையாதுன்னு மச்சான் சொல்லிட்டாங்க உம்மா. பழைய கார்டுல ஷிஃபா திருத்துவா, ஏன் தப்பாச்சுன்னு அவ ஒரு கடுதாசி எழுதுவா, அதுக்குக் கீழ நானும் ஒண்ணு எழுதுவேன்னு சொல்றாங்க. அவ தப்பா எழுதுனா, நான் தப்பாப் படிச்சேன், சக்கரக் கால்ல தப்பு இல்ல, வேணும்னா இன்னொரு தடவ பாத்துக்கங்கன்னு சொல்றாங்க."

"அந்த மேனேஜரு என்னா சொல்றாரு?"

"ரெண்டு பேரு முத்திரையையும் வாங்கி வச்சுடுவேங்கறாரு."

"மாப்பிள்ளை?"

"வாங்கிக்கங்கன்னுட்டாங்க."

பத்ருன்னிசா புருஷனைப் பார்த்தபடி நின்றாள். அழுவாள் என்று ஆஸியா பீவி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. போனை வைத்த மனிதருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மல்லிகைப்பூவும் வாடா டப்பாவும் பெட்டிகளுமாக அன்று மத்தியானமே மச்சானும் லீவைப் பாதியில் விட்ட மச்சினியும் ஒரே காரில் திருச்சிக்குப் புறப்பட்டார்கள்.

மேனேஜர் சொன்னபடியே செய்தார். ஷிஃபாவைச் சாமான் கிடங்கில் ஸ்பேனர் எண்ணி வாங்கி வைக்கிற வேலையில் போட்டார்கள். அப்ரார் பகல் ஷிஃப்டில் தன்னைவிட இளையவன் ஒருவனுக்குக் கீழே வேலை பார்த்தார். சொந்தக்காரனின் ஆள் வெளியிலிருந்து வேறு ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்து அந்தச் சக்கரக் காலை மறுபடியும் சோதித்தான். விரிசல் இல்லை. ஷிஃபா எழுதி வைத்திருந்த ஒவ்வொரு வரியும் அப்படியே சரியாக இருந்தது, தேதி ஒன்றைத் தவிர. முத்திரை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று இன்னும் சொல்லவில்லை. இதையெல்லாம் ஷிஃபா போனில் சொன்னபோது அவள் குரலில் சோர்வு இருந்தது, ஆனால் குனிந்த குரல் இல்லை.

வளைகுடாவில் ஒருவன் தும்மினால் காரைக்காலில் யர்ஹமுகல்லாஹ் என்று வாழ்த்துவார்கள். பத்து நாளில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு சாயங்காலம் ஆஸியா பீவி வாசலில் அடுப்பை வைத்து வாடா போட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு சபூரா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்படித் தாழ்த்துவதில் அவளுக்கு ஒரு ருசி.

"ஏன் லாத்தா, நம்ம ஷிஃபா வேலையில என்னமோ தப்புப் பண்ணிட்டுதாமே? கிடங்குல போட்டுட்டாங்களாமே? நெசமா?"

ஆஸியா பீவி ஜல்லிக்கரண்டியால் வாடாவைத் திருப்பிப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, பள்ளிவாசல் முனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஆமா சபூரா, தப்புப் பண்ணிட்டா. தேதியத் தப்பா எழுதிட்டா. அவளே அடிச்சு, சரியா எழுதி, தப்பு என்னோடதுன்னு கீழ அவ பேரையும் போட்டுட்டா. நீ போயி எல்லார்கிட்டயும் சொல்லு."